கொல்லையில் உவர்மண்: வீட்டு நீரை மண்ணில் விடும்போது செய்யும் தவறுகள்

ஆற்றங்கரையில் உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த காலம் உண்டு. அழுக்கை எடுக்கும் அதே மண்ணில் பயிர் தலையெடுக்காது என்பது உழவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் காரணம் அதிலுள்ள சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. இன்றைய சலவைத்தூளிலும் அது தாராளமாக இருக்கிறது. துவைத்த நீரை நாள்தோறும் ஒரே பாத்தியில் விடுகிறவர், சொந்தக் கொல்லையிலேயே உவர்மண் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

குளித்த நீரும் துவைத்த நீரும் ஒன்றுதான் என்று ஒரே குழாயில் சேர்ப்பதில் தொடங்குகிறது வினை. குளித்த நீர் சாது. வாழையும் சேம்பும் அதை ஏற்றுக்கொள்ளும். சலவை இயந்திரம் முதலில் வெளியேற்றும் நீரில்தான் உப்பு அதிகம். அதிலுள்ள சோடியம், களிமண் துகள்களோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். பிறகு நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. கடலோர மணலில் உப்பை மழை ஓரளவு கழுவிவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அவ்வளவு எளிதில் நடக்காது.

செடி வாடும்வரை காத்திருக்க வேண்டாம். துவைத்த நீர் ஓடிய பாத்தியிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள மழைநீரில் மெல்லப் போட்டேன். அசைக்கவில்லை. சற்று நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கத் தொடங்கியது. வாழையடி மண்கட்டியும் உதிர்ந்தது, ஆனால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கலங்கினால் சோடியம் துகள்களைப் பிரித்துவிட்டது என்று பொருள். அந்த மண்ணுக்குக் கால்சியம் தரும் ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்ச வேண்டும். தூவிவிட்டுச் சோப்பு நீரையே தொடர்ந்தால் ஜிப்சம் வாங்கிய காசு வீண்.

வீட்டு நீரைக் கல்வாழை நட்ட ஜல்லித் தொட்டி வழியே விட்டால் அது எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்ற நம்பிக்கை வேறு பரவியிருக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் அழுக்கைச் சிதைக்கும், சத்துகளை உறிஞ்சும்; சோடியமோ பெரும்பாலும் வந்த வழியே வெளியேறிவிடும். எண்ணெயைப் பிரிக்காமல் சமையலறை நீரை விட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். நீர் ஜல்லிக்கு மேலே தேங்கினால் கொசு.

வீட்டு நீரை வேறு தொட்டியில் பிடித்து ஒரு நாளுக்கு மேல் சேமிப்பதும் கூடாது. பிராணவாயு தீர்ந்து, நீர் அழுகி நாறும். பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் கீரைக்கும் இந்த நீர் வேண்டாம். குழந்தையின் மலத்துணி அலசிய நீர் கழிப்பறைக்கே போகட்டும்.

கடின நீரை மென்மையாக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத்தான் கொடுக்கிறது.

இட்லிப் பூச்செடிக்குச் சலவைச் சோடாவின் காரத்தன்மை ஆகாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், இரும்புச்சத்து உரம் வாங்கக் கடைக்கு ஓடுமுன் சலவை இயந்திரத்தின் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.