பாலைநிலத்துச் சிறிய மிருகக்காட்சி சாலைகள்: வெயிலுக்கு முந்திக்கொள்வது எப்படி

பாலைவனத்தில் உள்ள ஒரு மிருகக்காட்சி சாலைக்குக் காலை 11 மணிக்குப் போய் இறங்கினால், காசு கொடுத்து வெறும் கூண்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். விலங்கு அங்கேதான் இருக்கும். ஆனால் வளைக்குள்ளோ, பாறை நிழலிலோ, பின்கட்டு அறையிலோ படுத்திருக்கும். பெரிய பூங்காக்களில் கண்ணாடி போட்ட ஏசி அறைகள் இருப்பதால் நேரம் தப்பினாலும் ஏதாவது கண்ணில் படும். பத்து இருபது அடைப்புகளை வைத்து நடத்தும் சிறிய இடங்களிலும் மீட்பு மையங்களிலும் அந்த வசதி கிடையாது. ஆகவே விலங்கு எப்போது வெளியே வரும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, சாப்பாடு, தங்கும் இடம், பயண நேரம் எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

குளிர்காலம்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் அது சரி. ராஜஸ்தானில் கீச்சன் கிராமத்துக்கு வலசை வரும் குர்ஜா கொக்குகளைப் பார்க்கவும், தால் சாப்பர் சரணாலயத்தில் வெளிமான்களோடு பூனைப்பருந்துகளையும் சேர்த்துப் பார்க்கவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். ஊர்வனவற்றுக்காகப் போகிறவர்களுக்கோ அதே மாதங்கள் வீண். அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவன ஆமை குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும். டிசம்பரில் போனால் அதன் பெயர்ப்பலகையைத்தான் படிக்கலாம். பாம்பும் பல்லி இனங்களும் சூடேற்றிய அறையில் இருந்தால் மட்டுமே தெரியும். இவற்றை வெளியில் பார்க்க மார்ச் கடைசி முதல் மே வரை, முற்பகல் வேளையில் போக வேண்டும்.

சில இடங்கள் பருவத்துக்குப் பருவம் முழுதாக மூடப்படும். குஜராத்தின் கட்ச் சிறிய ரண் பகுதியில் உள்ள காட்டுக்கழுதைச் சரணாலயம் மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை திறப்பதில்லை. உப்புத்தரை சேறாகிவிடும். கலிபோர்னியாவின் பாம் டெசர்ட் ஊரில் உள்ள லிவிங் டெசர்ட் பூங்கா கோடையில் பிற்பகல் 1.30 மணிக்கே மூடிவிடும். வளைகுடா நாடுகளில் இதற்கு நேர்மாறாக, கோடையில் மாலை திறந்து இரவில் மூடும் பூங்காக்கள் உண்டு. ரமலான் மாதத்தில் நேரம் தனியாக மாறும். கூகுள் மேப் காட்டும் நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

முந்தின நாள் ஒரு போன்

சிறிய இடங்களில் போனை எடுப்பவரே பெரும்பாலும் தீனி வைப்பவராகவும் இருப்பார். அது நமக்கு வசதி. நேராகக் கேட்டுவிடலாம். முதல் கேள்வி, கூண்டு கழுவும் நேரம். காலையில் கழுவும்போது விலங்கைப் பின் அறைக்குள் அடைத்துவிடுவார்கள். திறந்ததும் உள்ளே நுழைந்தும் பாதிக் கூண்டுகள் காலியாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். எந்தப் பக்கத்திலிருந்து கழுவத் தொடங்குகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு எதிர்ப்பக்கமாக நடக்கலாம். அடுத்தது தீனி நேரம். புலி, சிறுத்தை, ஓநாய் போன்றவை தீனிக்கு முந்திய அரை மணி நேரம் துடிப்பாக இருக்கும், தின்றபின் தூங்கிவிடும். பல இடங்களில் பெரிய ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் உண்டு.

பிறகு, முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். உண்மையான மீட்பு மையங்கள் பல, தினமும் கதவைத் திறந்து வைப்பதில்லை. குறித்த நாளில், வழிகாட்டியோடு மட்டும் விடுவார்கள். எத்தனை டிகிரி வெயிலுக்கு மேல் சுற்றை ரத்து செய்வார்கள், பணம் திரும்புமா, கடைசி சில கிலோமீட்டர் மண்சாலையா, தாழ்வான கார் போகுமா, கார்டு எடுப்பார்களா என்பதும் கேட்க வேண்டியவை. சிக்னல் கிடைக்காத இடத்தில் கார்டு இயந்திரமும் வேலை செய்யாது என்பதால் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே நடக்கும் வரிசை

வாசலருகே இருப்பதிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் வழக்கம். பாலைவனத்தில் அது தப்பு. வெயில் ஏறும்போது நீங்கள் பூங்காவின் கடைக்கோடியில் நின்றுகொண்டிருப்பீர்கள். திறந்ததும் நேராகக் கடைசிவரை நடந்துவிட்டு, பார்த்தபடியே வாசலை நோக்கித் திரும்புங்கள். முதல் ஒரு மணி நேரம் நரி, ஓநாய், பூனை இனங்களுக்கு. அதன்பின் மான், ஓரிக்ஸ் (நீண்ட கொம்புள்ள பாலைவன மான் வகை), ஒட்டகம். பறவைகள் அடுத்து. ஊர்வன அறை, இரவு விலங்கு அறை, அருங்காட்சியகம் எல்லாம் வெயில் உறைக்கத் தொடங்கிய பிறகு. ஃபெனெக் நரி இரவில் நடமாடும் விலங்கு. அதற்கென இருட்டறை இல்லாத இடத்தில் பகலில் பார்த்தால் சுருண்ட உருண்டை ஒன்றும் இரண்டு பெரிய காதுகளும்தான் தெரியும். அதை எழுப்பக் கண்ணாடியைத் தட்டுகிறவர்களை எந்தப் பூங்காவும் வெளியே அனுப்பலாம் என்பது எங்கள் கருத்து.

காலைக் குளிரில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் காட்சிகள் தனி. கீரி இனத்து மீர்கட்கள் பின்னங்காலில் நின்று, முடி குறைந்த கறுத்த வயிற்றைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். ரோட்ரன்னர் பறவை வெயிலுக்கு முதுகைத் திருப்பி, இறகுகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் கறுப்புத் தோலைச் சூடேற்றும். உடம்பு சூடானதும் இரண்டும் நிறுத்திவிடும்.

நண்பகலில் கண்ணில் படுபவற்றைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. ஓரிக்ஸ் நிழலில் குழி பறித்து அசையாமல் படுத்திருந்தால் அது நோயல்ல. அடிமண் குளிர்ச்சியாக இருக்கும். டர்க்கி வல்ச்சர் எனப்படும் அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகின் கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, சுத்தம் செய்யவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. உடல் சூட்டைத் தணிக்க அது தன் கால்மேல் தானே எச்சமிட்டுக்கொள்கிறது. ஈரம் ஆவியாகும்போது கால் வழியே ஓடும் ரத்தம் குளிர்கிறது. ஒட்டகத்தின் உடல் வெப்பம் தண்ணீர் குறைந்த நாளில் 34 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு மேல் வரை ஏறி இறங்குவதும் இயல்புதான்.

சரணாலயமா, வியாபாரமா

பலகையில் சரணாலயம் என்று எழுத யாராலும் முடியும். குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஓர் இடம் விளம்பரம் செய்தால் அங்கே போகாதீர்கள். புலிக்குட்டியையோ சிங்கக்குட்டியையோ சில வாரங்களுக்குத்தான் ஆள் கையில் கொடுக்க முடியும். அதனால் அந்த வியாபாரம் ஓட, புதுக்குட்டிகள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தவை எங்கே போகின்றன என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். அமெரிக்காவில் பெரும்பூனைகளைப் பொதுமக்கள் தொடுவதை 2022 டிசம்பரில் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆபத்தான விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதை 2016-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் மிருகக்காட்சி சாலை நடத்த முடியாது. அமெரிக்காவில் விவசாயத் துறை உரிமத்தைப் பெருமையாக மாட்டி வைத்திருப்பார்கள். அது குறைந்தபட்ச நிபந்தனைதான், தரச்சான்று அல்ல. சரணாலயங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2007-ல் தொடங்கப்பட்டது. அதன் அங்கீகாரம் பெற்ற இடங்கள் விலங்கு வியாபாரம் செய்வதில்லை, காட்டு விலங்குகளைப் பார்வையாளர் தொட விடுவதும் இல்லை.

இனப்பெருக்கம் செய்தாலே மோசம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். அரேபிய ஓரிக்ஸ் 1972-ல் காட்டில் அற்றுப்போனது. அதற்கு முன்பே, 1963-ல், பாலைவன ஊரான அரிசோனாவின் பீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையில் 9 விலங்குகளோடு ஒரு மந்தையைத் தொடங்கியிருந்தார்கள். 1982-ல் ஓமானில் மறுபடியும் திறந்தவெளியில் விட்டது அந்த முயற்சியின் பலன். எனவே, பிறக்கும் குட்டிகள் எங்கே அனுப்பப்படுகின்றன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அடைப்பைப் பார்க்கும்போது நண்பகல் நிழலைக் கவனியுங்கள். காலையில் நிழல் தரும் சுவர் 12 மணிக்குத் தராது. உள்ளே இருக்கும் எல்லா விலங்குகளும் ஒரே நேரத்தில் நிழலில் படுக்க இடம் இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி வெயிலில் கிடக்கிறதா? மனிதர் பார்வையிலிருந்து ஒளிய ஒரு மறைவாவது இருக்கிறதா? வேலியோரம் விலங்கு ஒரே தடத்தில் போய்வந்து மண் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், நாள்கணக்காக அப்படித்தான் நடக்கிறது என்று பொருள். ஆனால் தீனி நேரம் நெருங்கும்போது எந்த விலங்கும் கொஞ்சம் உலாத்தும். 10 நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒற்றைச் சிறகுக் கழுகும் மூன்று கால் நரியும் மீட்பு மையத்தில் இருப்பது இயல்பு. துருப்பிடித்த வாசற்கதவும் குறையல்ல. காசு மருத்துவத்துக்குப் போயிருக்கலாம்.

தொடுவது

பாலைவன ஆமையைத் தூக்காதீர்கள். அது தன் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். பயந்தால் அதைக் கொட்டிவிடும், வறண்ட காலத்தில் அந்த இழப்பே அதைக் கொன்றுவிடலாம். சாலையோரம் காட்டு ஆமையைப் பார்த்தாலும் இதே விதிதான். ஒட்டகத்தைத் தொட அனுமதித்தால் தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பச்சைப் பாலைக் குடிக்க வேண்டாம். 2012-ல் கண்டறியப்பட்ட, கடுமையான மூச்சுநோய் தரும் மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்கு வருவது. நீரிழிவு, சிறுநீரக நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத் தொழுவத்தைத் தவிர்ப்பதே மேல்.

தண்ணீர், செருப்பு, கார்

வெயிலில் நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும். 3 மணி நேரச் சுற்றுக்குக் கையில் 2 லிட்டர், காரில் ஆளுக்கு இன்னும் 4 லிட்டர். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டை நனையாது. அதனால் வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தாலும் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். யாராவது பேச்சுத் தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

திறந்த செருப்பு வேண்டாம். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை தோலைச் சுட்டுவிடும் சூட்டுக்குப் போகும். குழந்தை தள்ளுவண்டியின் இரும்புக் கொக்கியும் அப்படியே. அமெரிக்கப் பாலைவனங்களில் சோல்லா கள்ளியின் முள்கட்டி ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள், அது விரலுக்குத் தாவும். தலைவாரும் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு நெம்பி எறியுங்கள்.

கம்பிவலை வழியே படம் எடுக்க லென்ஸை நிழல் விழும் பகுதியில், அனுமதித்த அளவுக்கு வலையை ஒட்டிப் பிடித்து, அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) எஃப் 4 அல்லது அதற்குக் குறைந்த எண்ணில் வையுங்கள். விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும்போது எடுத்தால் கம்பி கரைந்துவிடும். வெயில் ஏறியபின் தூரத்துப் படங்கள் கலங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. தரையிலிருந்து எழும் அனல் அது.

திரும்பும் வழியில் மணற்புயல் எழுந்தால் சாலையை விட்டு முடிந்தவரை ஓரமாக இறங்கி நிறுத்துங்கள். ஹசார்டு உட்பட எல்லா விளக்குகளையும் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து உங்கள்மேல் வந்து மோதுவார். தொலைவில் மழை பெய்தாலே வறண்ட ஓடையில் வெள்ளம் வரும், அதைக் கார் கடக்க முயல வேண்டாம்.

மீட்பு மையத்துக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் தின்பண்டம் வாங்கிப் போகாதீர்கள். பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் பெரும்பாலும் பயன்படும். பட்டியல் இருக்கிறதா என்று முந்தின நாள் போனிலேயே கேட்டுவிடலாம்.