ஊர் எஃப்டி வட்டியும் அமெரிக்க டாக்ஸும்: நான் பண்ற வழி

ஜெர்சி சிட்டில இருக்கேன், எஃப்டி ஊர்ல. இங்க டாக்ஸ் வருஷம் ஜனவரி-டிசம்பர், அங்க ஏப்ரல்-மார்ச், வட்டிக் கணக்கு ஒட்டவே ஒட்டாது, சனி ஞாயிறு பூரா இதுலயே போயிடும். இப்ப ரெண்டு வருஷத்து 26ஏஎஸ் (வட்டியும் அதுல பிடிச்ச டாக்ஸும் காட்டுற ஊர் இன்கம்டாக்ஸ் ஸ்டேட்மென்ட்) இறக்கி, பழசுல ஜனவரி-மார்ச், புதுசுல ஏப்ரல்-டிசம்பர் மட்டும் எடுத்து ஷீட்ல போட்டுடறேன், பாத் ட்ரெயின்லயே பாதி முடிஞ்சிடுது. அக்டோபர்-டிசம்பர் குவார்ட்டர் கணக்கு அதுல பிப்ரவரிலதான் ஏறும், அதுக்கு முன்னாடி பாத்து டென்ஷன் ஆகாதீங்க. என்ஆர்ஈ (வெளிநாட்டு சம்பாத்தியத்த ஊர்ல போட்டு வைக்கற அக்கவுண்ட்) வட்டி 26ஏஎஸ்ல வராது, பேங்க் ஸ்டேட்மென்ட்தான் பாக்கணும் (ஊர்ல டாக்ஸ் இல்ல, இங்க உண்டு, என்ன நியாயமோ!). அமெரிக்காவுக்கு வெளிய இருக்கற எல்லா அக்கவுண்ட்டும் சேர்ந்து ஒருநாளாவது 10,000 டாலர் தாண்டியிருந்தா எஃப்பார் (வெளிநாட்டு அக்கவுண்ட் விவரத்த அமெரிக்க அரசுக்கு சொல்ற ஃபார்ம்) தனியா போடணும், அதுக்கு தானாவே அக்டோபர் 15 வரைக்கும் டைம் இருக்கு, அதனால ஏப்ரல்ல ரிட்டர்ன மட்டும் முடிச்சிட்டு நூவார்க் ப்ராஞ்ச் ப்ரூக் பார்க்ல செர்ரி பூ பாக்க கிளம்பிடறோம்.