இலங்கைத் தமிழ் அகதிகள் கேம்ப்ல பொறந்தவங்க இந்திய பாஸ்போர்ட் எடுக்கிறது எப்படி

முதல்ல பொறந்த தேதிய பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம் தான். இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்திருந்தீங்கன்னா, அப்பா அம்மா கடல் தாண்டி போட்ல வந்தவங்களா இருந்தாலும் சரி, நீங்க பொறப்பாலயே இந்தியர். 1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 3 அதத்தான் சொல்லுது. குடியுரிமை குடுங்கன்னு யார்கிட்டயும் மனு போட வேண்டாம், நேரா பாஸ்போர்ட்டுக்கே அப்ளை பண்ணலாம். 83 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் வந்த குடும்பங்கள்ல 84, 85, 86ல பொறந்த அக்கா அண்ணன்லாம் இதுல வருவாங்க, நாப்பது வயசாகியும் நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, அதான் மனசு ஆறல.

87 ஜூலைலருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி வரைக்கும் பொறந்தவங்களுக்கு அப்பா இல்ல அம்மா யாராவது ஒருத்தர் இந்தியரா இருந்தா போதும். இந்திய ஊர்க்காரங்கள கல்யாணம் பண்ணவங்க பிள்ளைங்க இத கவனிங்க.

அடுத்தது பேப்பர். இதுல தான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. பர்த் சர்டிபிகேட் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. இல்லன்னா பொறந்த ஊர் பஞ்சாயத்து, நகராட்சி, தாலுகா ஆபீஸ்னு ரெஜிஸ்டர தேட சொல்லுங்க, கிடைக்கலன்னா "பதிவு இல்லை"ன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு கோட்டாட்சியர் ஆபீஸ்ல தாமதப் பதிவுக்கு மனு போடுங்க. கூடவே ஆஸ்பத்திரி சீட்டு, கேம்ப் பதிவு அட்டை, ஸ்கூல் டிசி எல்லாம் வைங்க. ஒண்ணுல கூட பேரோ இனிஷியலோ தேதியோ மாறி இருக்கக் கூடாது, இருந்தா மொதல்ல அத சரி பண்ணுங்க. ஆதார் இருக்கே போதாதான்னு கேப்பாங்க, போதாது, ஆதார் குடியுரிமைக்கு ஆதாரம் கிடையாது.

பாஸ்போர்ட் ஃபார்ம்ல குடியுரிமை எப்படி வந்துச்சுன்னு கேக்குற இடத்துல பிறப்புன்னு போடுங்க. கேம்ப் அட்ரஸ மறைக்காதீங்க, வெரிபிகேஷன்ல எப்படியும் தெரிஞ்சிடும், மறைக்கிற மாதிரி நீங்க எந்த தப்பும் பண்ணல. சின்ன வயசுல சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்துல உங்க பொறப்ப பதிஞ்சிருந்தா மட்டும், இலங்கைக் குடியுரிமை கேள்வி வரலாம், முன்னாடியே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க.

பாஸ்போர்ட் ஆபீஸ்ல முடியாதுன்னா அத எழுத்துல வாங்குங்க, வாய் வார்த்தைய கேட்டுட்டு திரும்பிடாதீங்க. திருச்சி கொட்டப்பட்டு கேம்ப்ல ஒரு அக்கா, 1986ல மண்டபம் கேம்ப்ல பொறந்தவங்க, அவங்களையும் இந்தியர் இல்லன்னு தான் திருப்பி அனுப்பினாங்க. மதுரை ஹைகோர்ட் கிளைக்கு போய் 2022 ஆகஸ்ட்ல ஜெயிச்சாங்க, 2024 எம்பி எலெக்ஷன்ல முதல் ஓட்டும் போட்டாங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட கோர்ட்ல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம்.

இப்ப மத்தவங்க. போட்ல வந்தவங்களும், 87 ஜூலைலருந்து கேம்ப்லயே ரெண்டு அகதிகளுக்கு பொறந்தவங்களும் இந்த வழியில போக முடியாது. 2019 சிஏஏல, அதாவது குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு கேஸ் போட மாட்டாங்க, ஆனா அது தண்டனைலருந்து விலக்கு தான், குடியுரிமை இல்ல. இவங்க வழிய மறிக்கிறது "சட்டவிரோதமா குடியேறினவர்"ங்கிற வார்த்தை தான், சட்டத்துல அப்படின்னா பேப்பர் இல்லாம நாட்டுக்குள்ள நுழைஞ்ச வெளிநாட்டவர்னு இருக்கு, இங்கயே பொறந்த பிள்ளை எந்த பார்டர தாண்டி நுழைஞ்சுச்சு? ஒரே வீட்டுல 86ல பொறந்த அக்கா இந்தியர், 88ல பொறந்த தம்பி அகதி. இவங்களுக்கெல்லாம் சட்டபூர்வமான அந்தஸ்து குடுத்தே ஆகணும், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

அதனால உங்களுக்கு இன்னிக்கு வழி இல்லன்னாலும் பேப்பர தூக்கிப் போடாதீங்க. வந்த தேதி இருக்கிற பழைய அகதி அட்டை, பிள்ளைங்க பர்த் சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க, மழைக்கு ஒழுகுற வீட்டுல பெட்டிக்கு அடியில வெச்சு கரைஞ்சு போன அட்டைங்கள நான் கையில எடுத்து பாத்திருக்கேன்.