முதல் டிஸ்டார்ஷன் பெடல்: எதை வாங்குவது, எப்படி அமைப்பது?

படியில் நெல்லைக் குவித்துத் தலைதட்டி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும் டிஸ்டார்ஷன் பெடல் செய்வதும் அதுதான். கிட்டாரிலிருந்து வரும் ஒலியலையைப் பெருக்கி, அதன் உச்சியைத் தட்டிவிடுகிறது. மென்மையாகத் தட்டினால் ஓவர்டிரைவ், நறுக்கென்று தட்டினால் டிஸ்டார்ஷன், அலை ஏறக்குறைய சதுரமாகும்வரை தட்டினால் ஃபஸ்.

ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் முதல் வகை. நடு அலைவரிசையைத் தூக்கிக்கொடுப்பதால் ப்ளூஸுக்கு இதமாக இருக்கும். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் கடைசி வகை. சுவர்போல் தடித்த ஒலி. முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது 1978இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1. டோன் (ஒலியின் கூர்மை), லெவல் (சத்தத்தின் அளவு), டிஸ்ட் (சிதைவின் அளவு) என மூன்றே குமிழ்கள்; காது பழக அதுவே போதும்.

வாங்கியதும் அடாப்டரைக் கவனியுங்கள். 9 வோல்ட் நேர்மின்சாரம், நடுமுனை எதிர்முனையாக இருக்க வேண்டும். முனை மாறிய அடாப்டரைச் செருகினால் பெடல் பழுதாகக்கூடும். பேட்டரியில் வாசிப்பவர்கள், முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெடலை அணைத்திருந்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து இணைப்பு. ஆம்ப்பின், அதாவது கிட்டார் ஒலிபெருக்கியின், ஒலியளவை முழுதாகக் குறைத்துக்கொண்டு, கிட்டார் கேபிளைப் பெடலின் வலப்பக்கத்திலும் ஆம்ப்புக்குப் போவதை இடப்பக்கத்திலும் செருகுங்கள். சுருதி பார்க்கும் டியூனர் இருந்தால் அது டிஸ்டார்ஷனுக்கு முன்னால். எதிரொலி சேர்க்கும் டிலே, அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்ப் இரண்டும் பின்னால். மாற்றி வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து சிதைந்து கூழாகிவிடும்.

இப்போது பெடலை அணைத்துவிட்டு, ஆம்ப்பில் தெளிவான ஒலியை அமையுங்கள். இதை யாரும் தாண்டிப்போகக் கூடாது. அந்த ஒலி நன்றாக இல்லையென்றால் எந்தப் பெடலும் அதைக் காப்பாற்றாது.

பிறகு டிஸ்ட் குமிழைக் கடிகாரத்தின் 9 மணி நிலையிலும் டோனை 11 மணியிலும் வைத்துப் பெடலை இயக்குங்கள். லெவலை மெல்லத் திருப்பி, பெடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு சத்தம் வரும்படி செய்யுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத் தோன்றும்; அந்த மயக்கம் தெளிந்தால்தான் ஒலியின் தரத்தை எடைபோட முடியும்.

டிஸ்ட் குமிழில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு சோதனை செய்யுங்கள். 9 மணியில் ஈ மேஜர் கார்டை (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) ஆறு தந்திகளிலும் வாசியுங்கள். ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். குமிழை முழுதாகத் திருப்பி அதே கார்டை வாசியுங்கள். வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் வாசிக்காத புதிய சுரங்களைப் பிறப்பிப்பதே காரணம். ராக் இசையில் அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் கொண்ட பவர் கார்டு இவ்வளவு புழங்குவதற்கும் இதுவே காரணம். அந்த இரண்டும் எவ்வளவு சிதைந்தாலும் இணக்கமாகவே ஒலிக்கும். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். குழுவோடு வாசிக்கும்போது இன்னும் குறையுங்கள்.

டோனை 12 மணிக்குமேல் ஏற்றினால் டிஎஸ்-1 காதைக் கிழிக்கும். ஒலி மந்தமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடைசியாக, பெடலைத் தொடாமல் கிட்டாரின் வால்யூமை 10இலிருந்து 6க்கு இறக்கிப் பாருங்கள். உறுமல் அடங்கி, தந்தியை மீட்டும் விரலின் அழுத்தம் கேட்கத் தொடங்கும். பாட்டின் சரணத்துக்கு 6, பல்லவிக்கு 10 என்று இன்றே பழகுங்கள்.