இரண்டு மாடல் எஞ்சின்களை ஒரே ரயிலில் பூட்டி ஓட்டுவது எப்படி?

நிஜ ரயிலில் இரண்டு டீசல் எஞ்சின்களைப் பூட்டும்போது, முன் எஞ்சினில் லோகோ பைலட் வைக்கும் நாட்ச் (எஞ்சின் சக்தியின் படிநிலை) இணைப்புக் கேபிள் வழியாகப் பின் எஞ்சினுக்கும் போய்ச் சேருகிறது. வேகத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார்கள் சுமையைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மாடலில் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலான மாடல்களில் மோட்டாரின் சுழற்சி வார்ம் கியர் என்னும் திருகுப் பல்சக்கரம் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் சக்கரத்தைத் தள்ளி அந்தக் கியரைத் திருப்பிச் சுழற்ற முடியாது. ஆகவே மெதுவாக ஓடும் எஞ்சின், வேகமாக ஓடும் எஞ்சினுக்கு பிரேக்காகவே இருக்கும். ஜோடி மாட்டில் ஒன்று சண்டித்தனம் செய்தாலும் மற்றொன்று இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே அதற்கும் வழியில்லை. ஒன்றின் சக்கரம் வழுக்கும், ரப்பர் டயர் தேயும், வளைவில் பெட்டி தடம் புரளும். எனவே பூட்டுவதற்கு முன்பே வேகத்தைச் சமப்படுத்துவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பட்டாலை என்னும் கூடத்திலோ வளவு என்னும் உள்முற்றப் பகுதியைச் சுற்றியோ தண்டவாளம் விரிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. நீண்ட ரயில் ஓட்டும் ஆசையும் அதனாலேயே வருகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும், முற்றத்தை நோக்கி வாட்டம் இருக்கக்கூடும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம் என்றால் அது 2 சதவீதச் சரிவு. நீண்ட ரயில் அங்கேயே திணறும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் பலகைக்கு அட்டை கொடுத்த பின்னரே தண்டவாளம் பொருத்த வேண்டும். திறந்த முற்றத்தின் வழியாகச் செம்மண் தூசி ஓயாமல் வந்து படியும் என்பதால், ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது நல்லது. அழுக்குச் சக்கரத்தோடு வேகம் ஒப்பிட்டால் அந்த அளவீடு எதற்கும் உதவாது.

அடுத்தது ஒப்பீடு. இரண்டு எஞ்சின்களையும் சிறிது நேரம் தனித்தனியே ஓட விட்டுச் சூடாக்கிய பின், ஒரே வட்டத்தில் இடைவெளி விட்டு நிறுத்தி, கன்ட்ரோலரில் ஒரே வேக அளவு வைத்து ஓட்டி, இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள். எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், ஒரு மீட்டரை 10 விநாடியில் கடக்கும் எஞ்சின் நிஜக் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 31 கி.மீ. போகிறது. எப்போதும் மெதுவான எஞ்சினுக்கு ஏற்ப வேகமானதைக் குறைக்க வேண்டும். மெதுவானதை அதன் உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் எஞ்சின்களைத் தனித்தனியே சரிசெய்ய வசதி இல்லை. ஒரே தயாரிப்பின் ஒரே மாடலாக வாங்குவதே சுலபம். சற்றே வேகமானதை முன்னால் வைத்தால் கப்ளிங் (இரண்டையும் இணைக்கும் கொக்கி) இழுவையில் இருக்கும். பின்னால் வைத்தால் அது முன்னதைத் தள்ளி வளைவில் தடம் புரளச் செய்யும். வேறுபாடு அதிகமானால், வேகமான எஞ்சினின் மோட்டார் வயரில் எதிரெதிர்த் திசையில் இணையாகச் சேர்த்த இரண்டு சிலிக்கான் டையோடுகளைப் பொருத்தலாம். ஒரு ஜோடி ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் குறைக்கும்.

டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி, ஒவ்வொரு எஞ்சினையும் அதன் முகவரி எண்ணால் தனித்தனியே இயக்கும் முறை. இதில் வேலை நுணுக்கமானது, பலனும் அதற்கேற்றபடி அதிகம். கட்டளையைப் புரிந்துகொள்ளும் டீகோடர் என்ற சிறு மின்சுற்று எஞ்சினுக்குள் இருக்கும்; அதில் எழுதிவைக்கும் எண் அமைப்புகளே சி.வி. முதலில் வேகம் கூடும், குறையும் கால அளவுகளான சி.வி. 3, சி.வி. 4 இரண்டையும் சுழியம் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு ஏமாற்றும். பிறகு, வேகமான எஞ்சினில் புறப்படும் வேகத்துக்கு சி.வி. 2, உச்ச வேகத்துக்கு சி.வி. 5, நடு வேகத்துக்கு சி.வி. 6 என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் பார்வையாளர் கண்ணில் படுவது புறப்படும் கணம்தான்: முதல் வேகப் படியில் ஒன்று நகர்ந்து மற்றொன்று நின்றால் கப்ளிங் 'டக்'கென்று இழுபடும். ஆகவே சி.வி. 2-க்கே பொறுமையாக நேரம் செலவிடுங்கள். மூன்று புள்ளிகளிலும் பொருந்தி இடையில் மட்டும் பிசகினால், சி.வி. 67 முதல் 94 வரையுள்ள வேக அட்டவணையைப் பயன்படுத்தலாம், அதற்கு சி.வி. 29-இல் 16-ஐக் கூட்ட வேண்டும். முடிந்ததும் சி.வி. 3, சி.வி. 4 இரண்டுக்கும் எல்லா எஞ்சின்களிலும் ஒரே மதிப்பைத் திரும்பக் கொடுங்கள்.

பூட்டுவதற்கு சி.வி. 19. பூட்டிய எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்து கீழ்ப்படியும் குழு முகவரி 25 என்றால், முன்னோக்கி நிற்கும் எஞ்சினுக்கு 25 என்றும், முதுகோடு முதுகாகத் திரும்பி நிற்கும் எஞ்சினுக்கு 128-ஐக் கூட்டி 153 என்றும் எழுத வேண்டும். ஹாரன், விளக்கு போன்றவை குழு முகவரிக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்பதை சி.வி. 21-உம் 22-உம் தீர்மானிக்கின்றன. ஹாரன் முன் எஞ்சினில் மட்டும் ஒலிப்பதே பொருத்தம். இரண்டு எஞ்சின்களின் கப்ளிங் உயரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, முதலில் பெட்டிகள் இல்லாமல், பிறகு பாதி ரயிலோடு ஓட்டிப் பாருங்கள்.

சி.வி. 19-இல் எழுதியது டீகோடருக்குள்ளேயே தங்கும். ஜோடியைப் பிரித்து ஒரு எஞ்சினை மட்டும் நண்பர் வீட்டுக்குக் கொண்டு போனால், அது தன் சொந்த முகவரிக்கு அசையாமல் நிற்கும். பழுது என்று எண்ணிப் பிரித்துப் பார்க்காமல், சி.வி. 19-ஐச் சுழியம் ஆக்கினால் உடனே ஓடும்.