திடீரென விழுங்க முடியவில்லையா? மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்

கணவருக்கோ மனைவிக்கோ திடீரென விழுங்க முடியாமல் போய், கூடவே பேச்சுக் குழறினாலோ வாய் கோணினாலோ, உடனே 108-ஐ அழைத்துவிட்டு, அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இது பக்கவாதமாக இருக்கலாம்; அதில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்தே தொடங்குகிறது. தூங்கி எழுந்தபோது தெரிந்ததென்றால், படுக்கப்போன மணியை எழுதுங்கள். சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வருவதற்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். சுக்குத் தண்ணீரோ சோடாவோ மாத்திரையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள்; மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். மீன் முள் சிக்கியதற்கும், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவரும் சிரமத்துக்கும் இந்த மணிக்கணக்கு பொருந்தாது. ஆனாலும் அவற்றையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.