இறங்கிய நாளிலேயே யூனிவர்சலா? குழந்தைகளோடு முதல்முறை சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

போன மாதம் மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்திருந்தது. கணவன், மனைவி, ஏழு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன், கூடவே அப்பாயி. ஐந்து பேரில் ஒருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. பயணத் திட்டத்தை அந்தத் தம்பி ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். முதல் வரி இப்படி இருந்தது: "காலை 7.30 சாங்கி. 10.00 யூனிவர்சல் ஸ்டுடியோஸ்."

சாங்கி என்பது சிங்கப்பூர் விமான நிலையம். யூனிவர்சல் ஸ்டுடியோஸ் அங்கே செந்தோசா தீவில் இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்கா, நாங்கள் சுருக்கமாகப் பார்க் என்போம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அச்சு அசலாக 2015இல் நான் போட்ட திட்டம்தான் அது.

திருச்சியில் உட்கார்ந்து குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்கிற வேலை என்னுடையது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, கைக்குழந்தைக்கும் தனி விசா எடுத்தாச்சா என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் பட்டதையும், வருகிறவர்கள் திரும்பத் திரும்பப் படுவதையும் மட்டும் எழுதுகிறேன்.

இறங்கிய அன்றே பார்க்குக்குப் போவது

அந்த வருஷம் எங்களுக்கு நள்ளிரவு தாண்டி ஃபிளைட். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. சாயங்காலம் கொஞ்சம் தூங்க வைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தோம். முதல் விமானப் பயணம் என்றால் எந்தக் குழந்தை தூங்கும்? ஒன்பதரைக்கு ஏர்போர்ட்டுக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்பதைப் பார்த்தபிறகு இருவருக்கும் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. விமானம் மேலே ஏறி, விளக்கை அணைத்து, அவர்கள் கண்ணை மூடும்போது மணி ஒன்றரை இருக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் நாலே கால் மணிக்கெல்லாம் இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது, விளக்கு எரிந்தது, காது வலிக்கிறது என்று மகன் அழ ஆரம்பித்தான். மொத்தத்தில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை.

இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, டாக்சி பிடித்து ஓட்டலுக்குப் போனோம். அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். கீழேயிருந்த கழிவறையிலேயே பல் விளக்கி, முகம் கழுவி, குழந்தைகளுக்கு உடை மாற்றி, பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பத்தேகாலுக்கு யூனிவர்சல் வாசலில் இருக்கிற அந்தப் பெரிய பூமி உருண்டைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தாயிற்று. அந்தப் போட்டோவில் நாலு பேருமே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பன்னிரண்டு மணி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வெறும் ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது. திருச்சி வெயிலையே பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றும். ஆனால் அங்கே வெயிலைவிடப் புழுக்கம் மோசம். தூங்காத குழந்தையால் அதைத் தாங்க முடியாது. ஒரு மணிக்கு மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சாப்பிடவில்லை, தூக்கினால் அழுகை, இறக்கினால் அதைவிட அழுகை. இரண்டு மணிக்கு மகள் ஒரு பெஞ்சில் அவள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து, இடியும் மழையும் கொட்டின. அந்த ஊரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மின்னல் இருக்கும்போது வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மூன்றரை மணிக்கு இரண்டு பேரையும் ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். டிக்கெட் அந்தத் தேதிக்கானது. மறுநாள் வந்து மிச்சத்தைப் பார்க்க முடியாது.

மகள் இப்போது மேல்நிலை வகுப்பு படிக்கிறாள். யூனிவர்சலில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், மழையும் அம்மாவின் துப்பட்டாவும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிறாள். ரெண்டு வருஷம் சேர்த்த பணத்தில் அவளுக்காகவே போட்ட பயணம் அது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு கணக்கு: "காலையில் இறங்குறோம், அன்னைக்கே பார்க்கை முடிச்சிட்டா ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம்." அந்தத் தம்பியும் இதையேதான் சொன்னார். பேக்கேஜ் போடுகிறவர்களிலும் பலர் ஓர் இரவைக் குறைத்து விலையை இறக்கிக் காட்டுவதற்காக முதல் நாளிலேயே பார்க்கை நுழைத்துவிடுகிறார்கள். பெரியவருக்கு டிக்கெட் 80 சிங்கப்பூர் டாலரைத் தாண்டுகிறது. பிள்ளைகளின் டிக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். பாதி நாளைத் தூக்கத்திலும் அழுகையிலும் விட்டால், மிச்சம் பிடித்த வாடகையைவிட அதிகமாகவே போய்விடும்.

"ரெண்டரை மணி நேர வித்தியாசம்தானே அண்ணே, அமெரிக்காவா போறோம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நேர வித்தியாசம் ஒரு பிரச்சினையே இல்லை. இழந்த தூக்கம்தான் பிரச்சினை. நம் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருந்துவிட்டு, மறுநாள் வெயிலில் ஆறு மணி நேரம் நடக்க வைப்போமா?

நான் இப்போது எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பது இதுதான். முதல் நாள் பெட்டிகளை ஓட்டலில் வைத்துவிட்டு சிராங்கூன் சாலையில் இட்லியோ தோசையோ சாப்பிடுங்கள். லிட்டில் இந்தியாவிலேயே ஒரு சுற்று சுற்றுங்கள், கோயிலுக்குப் போங்கள். அறை கிடைத்ததும் எல்லோரும் படுத்துவிடுங்கள். சாயங்காலம் எழுந்து குளித்துவிட்டு கார்டன்ஸ் பை தி பே போனால், 7.45க்கும் 8.45க்கும் அந்தப் பெரிய செயற்கை மரங்களில் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. குழந்தைகள் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பார்க் இரண்டாம் நாள், அல்லது மூன்றாம் நாள். லிட்டில் இந்தியாவில் ஊதா நிற ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃப்ரன்ட், அதுதான் கடைசி. அங்கே விவோசிட்டி மாலிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் போகலாம். நடைபாலத்திலேயே நடந்தும் போகலாம். கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் அங்கே இருங்கள். காலையில் வெளியில் ஓடும் ரைடுகளை முடித்துவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் எல்லாம் கூரைக்குக் கீழே ஓடுபவை. அவற்றை வெயிலுக்கும் மழைக்கும் உரிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகும் அந்தத் தம்பி, "ஆனாலும் ஒரு நாள் போயிடுமேண்ணே" என்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாயிதான் முடித்து வைத்தார். "ராவெல்லாம் முழிச்சிட்டு வந்து என்னால நடக்க முடியாதுப்பா. அன்னிக்கு நான் படுக்கணும்." நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

உயரத்தை அளக்காமல் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது

டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பார்கள்: 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட், 4 வயதுக்குக் கீழே இலவசம். ரைடுக்கு உயரத்தைப் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் நம்மவர்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற ரோலர்கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். மம்மிக்கு 122, தண்ணீரில் போகும் ஜுராசிக் ரேபிட்ஸுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. கனோபி ஃப்ளையருக்கும் என்சான்டட் ஏர்வேஸுக்கும் 92 போதும். கிளம்புவதற்கு முன் வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். வாசலில் நிற்கும் ஊழியர் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார். அவரிடம் கெஞ்சுவதும், குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்வதும் வேண்டாம். பெல்ட் அந்த உடம்புக்குப் பிடிக்காது என்பதற்காகத்தான் அந்த அளவே வைத்திருக்கிறார்கள்.

வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தனிச் செலவு. 98 சென்டிமீட்டர் பையனுக்கும், ரோலர்கோஸ்டர் பக்கமே போகாத தாத்தாவுக்கும் சேர்த்து ஐந்து பாஸ் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, உயரம் போதாத குழந்தையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் போய்வந்ததும் இவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏற வழி உண்டா என்று ஊழியரிடம் கேளுங்கள்.

"உனக்கு இது கிடையாது" என்பதை வீட்டிலேயே பையனிடம் சொல்லிவிடுவது நல்லது. வாசலில் முதல்முறையாகக் கேட்டால் அவனுக்கு அது பெரிய அவமானம்.

டிக்கெட்டில் இனிஷியல் போடுவது

இது நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள சிக்கல். பள்ளியில் இனிஷியல், ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில். சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். கணவனுக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயரோ கணவர் பெயரோ, பிள்ளைகளுக்கு இவர் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை. டிக்கெட்டில் இருப்பதும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபோனில் பெயரைச் சொல்லி டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். டிக்கெட் வந்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குடும்பப் பெயர் காலியாக உள்ளவர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு மாதிரி போடச் சொல்லும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு திருத்தினால் பணம் கேட்பார்கள், சில சமயம் புது டிக்கெட்டே எடுக்க வேண்டி வரும்.

பயணத்தின் நடுவே இரண்டு வயது

மடியில் உட்கார வைக்கும் டிக்கெட் இரண்டு வயது முடியும் வரைதான். போகும்போது ஒன்றே முக்கால், வரும்போது பிறந்தநாள் தாண்டிவிட்டது என்றால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டும்.

சனி, ஞாயிறு

பார்க்குக்குப் போகாதீர்கள். அந்த ஊர்ப் பள்ளி விடுமுறைகளான ஜூனும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரையும்கூட வேண்டாம். நமக்கு மே மாதம் விடுமுறை, அங்கே பெரும்பாலும் பள்ளி நடக்கும். அங்கே பொது விடுமுறைகளான மே தினத்தையும், புத்தர் பிறந்த விசாக தினத்தையும் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள்.

எஸ்ஜி அரைவல் கார்டு

சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் இது. இலவசம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் அரசின் தளத்திலேயே நிரப்புங்கள். பணம் கேட்டால் அது வேறு தளம்.

பவர் பேங்க்

விமானத்துக்குள் எடுத்துப் போகும் கைப்பையில் மட்டும்.

அப்பாயியின் சுருக்குப்பை

கிளம்பும் முன் மரியாதையாகக் கேட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது. கசகசா கொண்டுபோகக் கூடாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு அளவு என்று ஒன்றே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

தண்ணீர் பாட்டில்

காலி பாட்டில் எடுத்துப் போங்கள். அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தள்ளுவண்டி எதற்கு என்று நினைப்பது

வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைதான். ஆனால் பார்க்கில் பாதி நேரம் வரிசையில் நிற்பது, மீதி நேரம் நடப்பது. நுழைவாயில் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. பிள்ளை உட்காராவிட்டாலும் பைகள் உட்காரும், உங்கள் தோள் தப்பிக்கும்.

காது வலி

விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தூங்குகிற குழந்தையைப் பாவம் என்று விட்டுவிடாதீர்கள். இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் எழுப்பிவிடுங்கள். விழுங்க விழுங்கத்தான் காது திறக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ பாட்டில் பாலோ கொடுங்கள். நடக்கிற வயதுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு வாயில் ஒரு கமர்கட் போதும். சூயிங் கம் வாங்கி வைக்காதீர்கள், அதை சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.